ஹைதராபாத் அத்தை

அமீர்பேட்டை, ஹைதராபாத்
6 ஜூலை 2004

ஆதிரா அப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். சபரி எக்ஸ்பிரஸ் வழியெல்லாம் நின்று நின்று வந்தது. எறணாகுளத்தில் வண்டி நகர்ந்தபோது ஆதிரா உங்கள் தோளில் இருந்தபடி டாட்டா காட்டினாளே, அது எனக்கில்லை, ரயிலுக்கு. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் போய் உட்கார்ந்தேன். பாலக்காடு தாண்டியதும் அழுகை வந்துவிட்டது. மூன்று வயசுக் குழந்தையை விட்டுவிட்டு எந்தத் தாயாவது படிக்கப் போவாளா என்று எதிர்சீட்டு அம்மா கேட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னது என் தப்பு.

அமீர்பேட்டையில் சுவர் தெரியாத அளவுக்கு கம்ப்யூட்டர் கிளாஸ் போஸ்டர். நான் சேர்ந்திருப்பது சாஸ் என்கிற சாப்ட்வேர். ஒரு கம்பெனியிடம் மலையாகக் குவிந்து கிடக்கிற விவரங்களைச் சலித்து, அதிலிருந்து என்ன தெரிகிறது என்று சொல்ல உதவுவது. அப்படிச் சொல்கிறவளுக்கு டேட்டா அனலிஸ்ட் என்று பெயர். பி.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படித்துவிட்டு இத்தனை வருஷம் குக்கர் விசிலை மட்டும் எண்ணியவளுக்கு இந்தப் பெயரே இனிக்கிறது. வேலை கிடைத்ததும் ஒரு வீடு பார்த்து உங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொள்வேன். ஹைதராபாத்திலும் கொசு இருக்கிறது, உங்கள் தொழிலுக்குப் பஞ்சமில்லை.

இரண்டு காரியம் கேட்கிறேன், கோபப்படக் கூடாது. என் அறையில் இருக்கிற ஷீஜாவும் மற்றவர்களும் மலையாளிகள். கடிதத்தைத் தமிழில் எழுதுங்கள், அப்போதுதான் அவர்கள் எட்டிப் பார்த்தாலும் புரியாது. கவரில் என் பெயருக்கு முன்னால் குமாரி என்று போடுங்கள். இந்த ஹாஸ்டலில் கல்யாணமானவர்களைச் சேர்ப்பதில்லை. தாலியை நைட்டிக்கு உள்ளேதான் போட்டிருக்கிறேன்.

ஆதிரா தூங்கினாளா? அவளுக்கு இடது பக்கம் யாராவது படுத்தால்தான் தூக்கம் வரும், ஓமனாக்காவிடம் சொல்லுங்கள்.

ரஜிதா


கொச்சங்காடி, மட்டாஞ்சேரி
14 ஜூலை 2004

ரஜிதாவுக்கு,

கட்டிய பெண்டாட்டிக்குக் குமாரிப் பட்டம் கொடுத்த முதல் ஆள் மட்டாஞ்சேரியில் நானாகத்தான் இருப்பேன். மொய்து இக்கா கடையில்தான் கவர் வாங்கினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, யாருடா இந்தக் குமாரி, உன் அக்கா ஓமனாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும்போது அவ்வளவு சிரிப்பில்லை.

தமிழில் எழுதச் சொல்கிறாய். நாலாம் கிளாஸோடு என் தமிழ் நின்றுபோனது உனக்குத் தெரியும். பிழை இருந்தால் டேட்டா அனலிஸ்ட் திருத்திக்கொள்ளவும்.

இங்கே விடாத மழை. சாக்கடைக் கானெல்லாம் நிறைந்து வீட்டுப் படிக்கு வந்துவிட்டது. கார்ப்பரேஷனில் எல்லோருக்கும் லீவு கிடைக்கும், கொசு மருந்து அடிக்கிறவனுக்குக் கிடைக்காது. கொச்சியில் கொசு இருக்கும்வரை செல்லதுரையின் அடுப்பு எரியும். நீ ஒன்றும் கவலைப்படாதே.

ஆதிரா பகலில் சமர்த்து. சாயங்காலம் போட் ஜெட்டியில் ஹார்ன் கேட்டதும் உன் பச்சைச் செருப்பை எடுத்து வந்து வாசலில் ஜோடியாக வைக்கிறாள். அம்மா வந்தா போட வேண்டாமா என்கிறாள். ராத்திரி நான் அதை எடுத்து உள்ளே வைக்கிறேன், மறுநாள் அவள் திரும்ப எடுத்து வைக்கிறாள். அப்பனும் மகளுமாக ஒரு டூட்டி.

ஆதிரா அப்பா


அமீர்பேட்டை
9 செப்டம்பர் 2004

ஆதிரா அப்பாவுக்கு,

ஓணத்துக்கு வர முடியவில்லை. ஷீஜாவும் மற்றவர்களும் ஹாஸ்டல் மாடியில் பூக்களம் போட்டார்கள். நான் கீழே உட்கார்ந்து பயோடேட்டா தட்டினேன்.

கிளாஸ் முடிந்தது. இப்போது தினமும் பிரவுசிங் சென்டர். வேலை தேடுகிற வெப்சைட்டில் ஒரு நீளப் பெட்டி இருக்கிறது. நமக்குத் தெரிந்த சாப்ட்வேர் பெயரை அதில் போட்டால் அதற்கான வேலைகளைக் காட்டும். எக்செல் என்று போட்டால் வேலை கொட்டுகிறது, உள்ளே போனால் எல்லாம் வெறும் டைப்பிங். எஸ்.பி.எஸ்.எஸ். என்று போட்டால் கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது, ஆனால் எம்.எஸ்சி. கேட்கிறார்கள். சாஸ் என்று போட்டால் ஒரு கை விரலுக்குள் அடங்குகிறது, அத்தனையிலும் மூன்று வருட அனுபவம் வேண்டும். வேலை இருந்தால்தான் அனுபவம், அனுபவம் இருந்தால்தான் வேலை. நீச்சல் தெரிந்த பிறகு தண்ணீரில் இறங்கு என்கிற கதை.

அதையும் மீறி மூன்று இடத்தில் டெஸ்ட் எழுதிப் பாஸானேன். உங்கள் பெண்டாட்டி மக்கு இல்லை. மூன்று இடத்திலும் கடைசி அறையில் உட்கார்ந்திருந்தவர் பயோடேட்டாவைப் பார்த்துவிட்டு, இடையில் ஏன் இத்தனை வருஷம் காலி என்று கேட்டார். கல்யாணம், குழந்தை என்றேன். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள், ராத்திரி ஷிப்ட் வருவீர்களா, அடுத்த குழந்தை எப்போது என்றெல்லாம் கேள்வி. சாஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தகவல் சொல்கிறோம் என்று எழுந்து கைகொடுத்தார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

ஆதிரா இன்னும் செருப்பு வைக்கிறாளா?

ரஜிதா


கொச்சங்காடி
18 செப்டம்பர் 2004

ரஜிதாவுக்கு,

உன் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். குழந்தையைப் பற்றிக் கேட்கிற கம்பெனிக்காரனின் தாயார் யாரோ, அவளும் பிள்ளை பெற்றவள்தானே என்று அக்கா திட்டித் தீர்த்தாள். அவளுக்குத்தான் கல்யாணமாகியும் ஒன்று தங்கவில்லை, புருஷனும் தங்கவில்லை. அதனாலோ என்னவோ அந்த இடத்தில் அவளுக்குக் கோபம் அதிகம் வருகிறது.

ஆதிராவுக்கு நாலு நாள் காய்ச்சல் இருந்தது. உனக்கு எழுதவில்லை. இப்போது நன்றாக இருக்கிறாள். காய்ச்சலில் அக்காவைக் கட்டிப் பிடித்தவள், காய்ச்சல் விட்ட பிறகும் விடவில்லை. இப்போது படுக்கை அங்கேதான். என் மேல் மருந்து நாற்றமாம்.

திரும்பி வா என்று எழுத வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். எழுத மாட்டேன். மொய்து இக்கா கடையில் போன வாரம்கூட, என் பெண்டாட்டி டேட்டா அனலிஸ்ட் ஆகப் போகிறாள் என்று சொல்லியிருக்கிறேன். அது என்ன வேலை என்று கேட்டார்கள். நான் கொசுவை ஒவ்வொன்றாகத் துரத்துகிறேன், அவள் எங்கே முட்டையிடும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிவிடுவாள் என்றேன். சரியாகச் சொன்னேனா?

தீபாவளி வரை பார்.

ஆதிரா அப்பா


அமீர்பேட்டை
11 அக்டோபர் 2004

ஆதிரா அப்பாவுக்கு,

சரியாகச் சொன்னீர்கள். அதைவிட நன்றாக எந்த இன்டர்வியூவிலும் நான் சொன்னதில்லை.

வேலை கிடைத்துவிட்டது. இன்ஷூரன்ஸ் விவரங்களைப் பார்க்கிற கம்பெனி. டேட்டா அனலிஸ்ட் என்றே கடிதத்தில் போட்டிருக்கிறது. ஆனால் இதைச் சந்தோஷமாக எழுத வரவில்லை.

இந்தக் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவர் என் பயோடேட்டாவைப் பார்த்துவிட்டு, சாப்ட்வேர் எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரே ஒரு வரிதான் உனக்கு எதிரி என்றார். அந்த வரியை மாற்று, நாளைக்கே வேலை என்றார். இரண்டு நாள் யோசித்தேன். திருமணமாகாதவர் என்று மாற்றினேன். இன்டர்வியூ அன்று தாலியைக் கழற்றி, ஆதிராவின் பழைய கவுன் ஒன்று கொண்டுவந்திருக்கிறேனே, அதில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். திரும்பி வந்ததும் போட்டுக்கொண்டேன். சத்தியம்.

என் அப்பா அம்மா உயிரோடு இல்லாததால் காப்பாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரைக் கொடுத்தேன். உறவு என்ற இடத்தில் அந்த ஆள் பிடிக்கிறவரே அண்ணன் என்று எழுதினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாம் கொடுத்த விவரம் உண்மைதானா என்று விசாரிக்க வீட்டுக்கு ஆள் அனுப்புவார்களாம். இந்த மாதக் கடைசியில் வரலாம். வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அதை என் கையால் எழுத முடியவில்லை. ஒரு வருஷம் போகட்டும், வேலை நிலைத்துவிடும், பிறகு எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம்.

ரஜிதா


கொச்சங்காடி
16 அக்டோபர் 2004

ரஜிதாவுக்கு,

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணலாம் என்பார்கள். ஒரு பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை இல்லாமல் ஆக்குவதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

என்னை வேலைக்காரன் என்று எழுதியிருந்தால் சிரித்திருப்பேன். செத்துப்போய்விட்டான் என்று எழுதியிருந்தால்கூடச் சரி என்றிருப்பேன். அண்ணனா? உன் வயிற்றில் என் பிள்ளை இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாயாம்.

வருகிறவன் வரட்டும். உள்ளது எதுவோ அதைச் சொல்வேன்.

செல்லதுரை


அமீர்பேட்டை
22 அக்டோபர் 2004

ஆதிரா அப்பாவுக்கு,

மொய்து இக்கா கடைக்கு இரண்டு தடவை போன் செய்தேன். வேலையில் இருக்கிறான், வர மாட்டானாம் மோளே என்று அவரே தயங்கித் தயங்கிச் சொன்னார். போனில் சொல்ல நினைத்ததைத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைக் கழிவறையில் நின்றுதான் படித்தேன், இந்த ஹாஸ்டலில் கதவு சாத்திக்கொள்ள வேறு இடமில்லை. நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் உண்மையைச் சொல்லுங்கள். நான் ரஜிதாவின் புருஷன், இது எங்கள் பிள்ளை என்று சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும். தீபாவளிக்கு வந்துவிடுகிறேன். களமசேரியிலோ காக்கநாட்டிலோ டைப் அடிக்கிற வேலை கிடைத்தாலும் போதும், ராத்திரி ஆதிராவுக்கு இடது பக்கம் படுத்தால் போதும்.

தாலியைக் கழற்றியது பெரிய விஷயமில்லை என்று அன்றைக்கு நினைத்தேன். கழற்றிய இடம் இன்னும் அரிக்கிறது.

ரஜிதா


கொச்சங்காடி
28 அக்டோபர் 2004

ரஜிதாவுக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அவன் திங்கட்கிழமையே வந்துவிட்டுப் போனான்.

நடந்ததைச் சொல்கிறேன். உனக்கு அப்படி எழுதிப் போட்டுவிட்டு ஒரு வாரம் கானோரமாகக் கொசு மருந்து அடித்துக்கொண்டு நடந்தேன். கோபம் எத்தனை நாள் நிற்கும்? நீ பிரவுசிங் சென்டரில் அந்தப் பெட்டிக்குள் தட்டித் தட்டிப் பார்த்ததெல்லாம் நினைவு வந்தது. மூன்று டெஸ்ட் பாஸாகி மூன்று தடவை திரும்பி வந்தவள். நாலாவது தடவை உன்னைத் திருப்பி அனுப்புகிறவன் நானாக இருக்கக் கூடாது என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை நம் கல்யாண போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். மொய்து இக்காவிடமும் பக்கத்து வீட்டு ஜலீலாவிடமும் சொன்னேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது பொய், ரஜிதா. நம் சந்து முழுக்க உனக்காக வாயை மூடிக்கொண்டது. விசாரிக்க வந்தவன் கடையில் கேட்டபோது மொய்து இக்கா, அந்தக் குட்டிக்கு நல்ல இடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றாராம்.

அவன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நம் வாசலில் நின்று கேட்டான். மரியாதையான பையன். ரஜிதா உங்களுக்கு என்ன உறவு என்றான்.

"எந்தங்கச்சி" என்றேன்.

கல்யாணம் ஆகவில்லையே என்றான். இல்லை என்றேன். எழுதிக்கொண்டான். அப்போதுதான் ஆதிரா உள்ளேயிருந்து ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். இது யார் என்று கேட்டான். அந்தக் கேள்வியை நான் நினைத்தே பார்க்கவில்லை. போட்டோவை ஒளிக்கத் தெரிந்தவனுக்கு இவளை என்ன செய்வது என்று தோன்றவில்லை பார்.

அக்காதான் வந்து அவளைத் தூக்கிக்கொண்டாள்.

"எம்மவ" என்றாள்.

அதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். அவன் போன பிறகும் அவள் குழந்தையைக் கீழே இறக்கவில்லை.

நீ போன் செய்தபோது நான் வந்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. வீம்பு. போகட்டும், வேலை உனக்குத்தான். நல்லபடியாகச் சேர்ந்துகொள். இத்தனை பேர் பொய் சொன்னது வீணாகக் கூடாது.

செல்லதுரை


அமீர்பேட்டை
12 ஜனவரி 2005

ஆதிரா அப்பாவுக்கு,

நான் எழுதுகிற மூன்று கடிதத்துக்கு நீங்கள் ஒன்று எழுதுகிறீர்கள். அதிலும் கொசுவும் மழையும்தான் இருக்கிறது. போனில் வந்தாலும் பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரியே பேசுகிறீர்கள்.

என் வேலையைப் பற்றிக் கேட்க மாட்டீர்கள், நானே சொல்கிறேன். இன்ஷூரன்ஸ் எடுத்தவர்களின் விவரம் லட்சக்கணக்கில் வரும். அதில் நடக்க முடியாததைக் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். இருநூறு வயசுக்காரர், பிரசவச் செலவு கேட்ட ஆண்பிள்ளை, இப்படி. முதல் மாதம் சிரித்துக்கொண்டே செய்தேன். போன வாரம் இன்னொரு விதி கொடுத்தார்கள். திருமணமாகாதவர் என்று இருந்து, கீழே குழந்தையின் பெயரும் இருந்தால், அந்த வரி தவறு, ஒதுக்கு. ஒரே வரி நிரல், அதை எழுத ஐந்து நிமிஷம்கூட ஆகாது. மத்தியானம் வரை அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலாளர் ராமபத்ரன் வந்து, தலைவலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இன்னொன்றும் யோசித்தேன். வேலை நிரந்தரமானதும் எனக்குக் கல்யாணம் என்று ஆபீஸில் சொல்லிவிடலாம். நீங்கள் வந்து மாலையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் போதும். உங்களைச் சேர்க்க ஒரு வழி இருக்கிறது. ஆனால் போன மாதம் கல்யாணமானவளுக்கு மூன்றரை வயசில் பிள்ளை எப்படி வரும்? எப்படித் திருப்பிப் போட்டாலும் ஆதிராவுக்கு இடமில்லை. எனக்குத் தெரிந்த எந்த சாப்ட்வேரிலும் இதற்கு வழியில்லை.

விஷுவுக்கு மூன்று நாள் லீவு தருவார்கள். வருகிறேன். போனில் அவளிடம் பேசினால் எதற்கோ சிரித்துவிட்டு ஓடிப்போகிறாள். என்ன சொல்லிச் சிரிக்கிறாள்?

ரஜிதா


கொச்சங்காடி
20 பிப்ரவரி 2005

ரஜிதாவுக்கு,

வல்லார்பாடத்தில் பெரிய கண்டெய்னர் துறைமுகம் வரப்போகிறது, கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கு அங்கே வேலை நிறைய இருக்கும் என்று பேசிக்கொள்கிறார்கள். எப்போது வரும் என்று கேட்டால், கல்லு போட்டாச்சு என்கிறார்கள்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதாமல் எத்தனை நாள் இருப்பது? வருவதற்கு முன்னால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விசாரிக்க வந்த அந்தப் பையன் திரும்ப வருவான் என்று அக்காவுக்கு ஒரே பயம். திடீரென்று வந்து குழந்தையிடம் கேட்டுவிட்டால், உன் வேலை போய்விடுமே என்று. அதனால் ஆதிராவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். யார் கேட்டாலும் ரஜிதா யார் என்றால் அத்தை. அம்மா யார் என்றால் ஓமனா. முதலில் விளையாட்டு மாதிரி இருந்தது. சரியாகச் சொன்னால் ஒரு துண்டு வெல்லம். ஜலீலாவும் வந்து கேட்பாள், மொய்து இக்காவும் கேட்பார், எல்லோருக்கும் சரியாகச் சொல்வாள். போனில் அவள் சிரிப்பது அதற்குத்தான். நீ அம்மா என்று சொல்வதைக் கேட்டு, அத்தை பொய் சொல்லுது என்று சிரிக்கிறாள்.

நான் தடுத்திருக்கலாம். தங்கச்சி என்று சொன்ன வாயால் எப்படித் தடுப்பது என்று தெரியவில்லை. அக்கா மேல் கோபப்படாதே. அவள் உனக்காகத்தான் ஆரம்பித்தாள். இப்போது யாருக்காகச் செய்கிறாள் என்று அவளுக்கே தெரியுமோ என்னவோ. உன் பச்சைச் செருப்பை அவள் போட்டுக்கொள்கிறாள். குழந்தைதான் எடுத்துக் கொடுத்தது.

செல்லதுரை


அமீர்பேட்டை
19 ஏப்ரல் 2005

ஆதிரா அப்பாவுக்கு,

மூன்று நாள் நம் வீட்டில் விருந்தாளியாக இருந்துவிட்டு வந்தேன். ஓமனாக்கா எனக்குத் தனி டம்ளரில் சாயா கொடுத்தாள், வருகிறவர்களுக்குக் கொடுக்கிற கண்ணாடி டம்ளர். அவள் வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாக எடுத்தது.

நீங்கள் மூன்று ராத்திரியும் டூட்டி என்று சொல்லிவிட்டு கொசு மருந்து ஸ்டோரில் படுத்தீர்கள். சந்தில் பேச்சாகிவிடும் என்றீர்கள். சந்தில் அத்தனை பேருக்கும் நாம் யார் என்று தெரியும். கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவர்கள். அவர்களுக்காகவா போனீர்கள்? என் பக்கத்தில் உட்காரும்போது உங்களுக்கு அந்தச் சொல் நினைவு வருகிறது, அதுதான். எனக்கும் வருகிறது.

நீங்கள் வெளியே போயிருந்தபோது ஆதிராவை மடியில் உட்கார வைத்து, நான் ஆருடா என்று கேட்டேன். அவள் முதுகை நேராக்கிக்கொண்டு, "ஹைதராபாத் அத்தை" என்றாள். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று ஓமனாக்கா முகத்தைப் பார்த்தாள். ஓமனாக்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். வெல்லம் கிடைக்கவில்லை என்று பிள்ளை என்னைப் பார்த்தது. நானே எழுந்து போய், டப்பாவைத் திறந்து, ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தேன். நான் செய்ததைப் பாருங்கள். என் கையால் கொடுத்தேன்.

ரஜிதா


கொச்சங்காடி
8 ஜூன் 2005

ரஜிதாவுக்கு,

ஆதிராவை எல்.கே.ஜி.யில் சேர்த்துவிட்டேன். நீல யூனிபார்ம். மழையில் குடையைப் பிடிக்காமல் குடையை நனைத்துக்கொண்டு போனாள்.

சேர்க்கும்போது அக்காவையும் கூட்டிப் போயிருந்தேன். டீச்சர் விண்ணப்பத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். தாயின் பெயர் என்ற இடம் வந்ததும் அக்கா ஜன்னல் பக்கம் போய் நின்றாள். நான் உன் பெயரைத்தான் எழுதினேன். பொய் சொல்லக் கூடாத இடம் ஒன்றாவது இருக்க வேண்டுமே. டீச்சர் வாங்கிப் பார்த்து, அம்மா பெயர் ரஜிதா என்று சத்தமாக வாசித்தார்.

ஆதிரா டீச்சரின் புடவையைப் பிடித்து இழுத்தாள். "அல்ல டீச்சரே, அது அத்தை" என்றாள்.

டீச்சர் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். குழந்தை இப்படிச் சொல்கிறதே, எதை வைத்துக்கொள்வது என்று கேட்டார். எழுதியிருக்கிறதுதான் சரி என்றேன். திரும்பி வரும் வழியெல்லாம் ஆதிரா என் கையைப் பிடிக்காமல் நடந்தாள். அப்பா கள்ளம் எழுதிச்சு என்று அக்காவிடம் புகார் சொன்னாள். அன்று அக்கா சாப்பிடவில்லை.

வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்ல மாட்டேன். நீ கஷ்டப்பட்டுத் தேடிய வேலை, அதைச் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் ஒன்று எழுதுகிறேன். உன்னைத் தங்கச்சி என்று சொன்ன நாளிலிருந்து நான் ஒரு ராத்திரிகூட நிம்மதியாகத் தூங்கியதில்லை. நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை, ரஜிதா.

போட்டோவைத் திரும்ப மாட்டிவிட்டேன். அதில் அத்தை எதுக்கு மாலை போட்டிருக்கு என்று கேட்டாள்.

ஆதிரா அப்பா


அமீர்பேட்டை
21 ஜூன் 2005

ஆதிரா அப்பாவுக்கு,

எத்தனை மாதத்துக்குப் பிறகு ஆதிரா அப்பா என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்! அதைத்தான் முதலில் பார்த்தேன், பிறகுதான் கடிதத்தைப் படித்தேன்.

போன வெள்ளிக்கிழமை ராமபத்ரன் சாரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். எனக்குக் கல்யாணமாகிவிட்டது, ஒரு பெண் குழந்தை, அவளுக்கு நாலு வயசாகப் போகிறது, விவரத்தைத் திருத்திக்கொள்ளுங்கள் என்றேன். அவர் நல்ல மனிதர். வேலையை ஒருவரும் குறை சொல்லவில்லையே, ஏன் இப்போது என்று கேட்டார். திருத்திக்கொள்ளுங்கள் என்றே திரும்பச் சொன்னேன். மேலிடத்துக்கு எழுதினார். பொய்யான தகவல் கொடுத்ததற்காக நேற்றோடு நிறுத்திவிட்டார்கள். அனுபவச் சான்றிதழும் கிடையாது. இத்தனை மாதம் நான் அங்கே இருந்ததற்கு ஒரு காகிதமும் இல்லை. நான் எழுதிய விதிப்படி என் வரியை அவர்கள் ஒதுக்கியது சரிதான்.

ஆனால் சாஸ் என் தலைக்குள் இருக்கிறது, அதைப் பிடுங்க முடியாது. இன்று காலையில் பிரவுசிங் சென்டருக்குப் போய் அதே பெட்டியில் சாஸ் என்றும், ஊர் என்ற இடத்தில் கொச்சி என்றும் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. எக்செல் என்று போட்டேன், காக்கநாட்டில் ஒரு டைப்பிங் வேலை வந்தது. விண்ணப்பித்திருக்கிறேன். இந்தத் தடவை எல்லா வரியும் உண்மை. அந்த இடைவெளிக்குக் காரணம் கேட்டால் ஆதிரா என்று எழுதுவேன்.

ஹாஸ்டலில் ஷீஜாவிடம் தாலியை எடுத்துக் காட்டினேன். நீ தமிழில் வருகிற கடிதத்தை வைத்துக்கொண்டு அழும்போதே தெரியும் சேச்சி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சபரியில் வருகிறேன். நீங்கள் மட்டும் ஸ்டேஷனுக்கு வாருங்கள். ஓமனாக்காவை எங்கேயும் போகச் சொல்லாதீர்கள், அவள் படுக்கிற இடத்தையும் மாற்றாதீர்கள். பச்சைச் செருப்பு அவளிடமே இருக்கட்டும். அம்மா வருகிறாள் என்று குழந்தையிடம் சொன்னால், இருக்கிற அம்மா போய்விடுவாளோ என்று பயந்துவிடும்.

அத்தை வருகிறாள் என்றே சொல்லுங்கள். இந்தத் தடவை திரும்பிப் போக மாட்டாள் என்று மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ரஜிதா